மேடைக்குக் கீழே: ஈழப் போர்ப் பேச்சுகளைக் கேட்டவர்கள்

ஒரே ஊரின் இரண்டு தேதிகளிலிருந்து தொடங்குகிறேன். 2002 ஜூன் 29 அன்று மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் ம.தி.மு.க. பொதுக்கூட்டம் நடந்தது. அதில் வைகோ விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய அவரைச் சென்னை விமான நிலையத்திலேயே பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்தார்கள். 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். அந்த மேடைக்காக அவரோடு கைதானவர்களில் ஒருவர் வீர. இளவரசன். 2006இல் அதே திருமங்கலம் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

அவர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனதால் 2009 ஜனவரி 9 அன்று இடைத்தேர்தல் வந்தது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான் கிளிநொச்சி இலங்கை ராணுவத்தின் கையில் விழுந்திருந்தது. வன்னியில் லட்சக்கணக்கான மக்கள் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். திருமங்கலத்தில் ஆளும் தி.மு.க. 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. ஈழம் அந்தத் தேர்தலோடு சேர்த்து நினைவுகூரப்படுவதில்லை. ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல்தான் அதன் மிச்சம். வாக்குக்குப் பணம் என்பதற்கு அது இன்றைக்கும் மறுபெயர்.

இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, தமிழன் கையையும் தட்டுவான், காசையும் வாங்குவான் என்று முடித்துக்கொள்வது சுலபம். அப்படி முடித்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். ஈழ ஆதரவாளர்களிலேயே நிறையப் பேர். நான் அதை ஏற்கவில்லை. மேடையில் பேசியவர்களைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறோம். கீழே மண்ணில் உட்கார்ந்து கேட்டவர்களைப் பற்றி, அவர்கள் எதற்குக் கை தட்டினார்கள், எங்கே மௌனமானார்கள், எப்போது எழுந்து போனார்கள் என்பதைப் பற்றி எழுதியது மிகவும் குறைவு.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலிருந்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரசாயன ஆலையை ஒட்டி எழுந்த ஊர் இது. ஒரு பக்கம் ஆறுமுகநேரி உப்பளங்கள், மறுபக்கம் காயல்பட்டினம். வடக்கே தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல், தெற்கே வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர். இந்தச் சில மைல்களுக்குள் இலங்கை என்ற சொல் நான்கைந்து விதமாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. காயல்பட்டினத்து வணிகக் குடும்பங்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக் கடை, ரத்தின வியாபாரம். பரதவர்களுக்கு ஒரே முத்துச் சலாபத்தின் இரு கரை. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். தோணிக்காரர்களுக்குச் சரக்கு இறக்கும் துறைமுகம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையகத் தோட்டங்களுக்குப் போய், 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்களின் வீடுகளில் அது பிறந்த ஊர். விசைப்படகில் போகிறவனுக்கு அந்த நாட்டுக் கடற்படையின் ரோந்துக் கப்பல்.

மேடைப் பேச்சாளர்கள் ‘தொப்புள்கொடி உறவு’ என்று சொன்னபோது இந்தக் கரையில் அது வெறும் உருவகமாகக் கேட்கவில்லை. இங்கே கேட்பவனுக்குச் சொந்தமாக ஒரு தகவல் வழி இருந்தது. இலங்கை வானொலி இங்கே தெளிவாக எடுக்கும். எண்பதுகளில் உயரமாக ஆன்டெனா கட்டி ரூபவாஹினி பார்த்த ஊர்கள் இவை. இரவில் பி.பி.சி. தமிழோசை. கடலுக்குப் போய் வந்தவன் வாய்ச்செய்தி. ஆக, மேடையில் இருந்தவருக்குத் தெரிந்த அளவு கீழே இருந்தவனுக்கும் தெரிந்திருந்தது. சில நேரம் கூடவே தெரிந்திருந்தது. பேச்சாளர் போரைச் சொல்லப் போவதில்லை; போரைப் பற்றித் தான் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் சொல்லப் போகிறார். கேட்டவர்கள் அதைத்தான் எடைபோட்டார்கள்.

கைதட்டல் என்பதை உலகம் கொஞ்சம் அக்கறையாகவே ஆராய்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் மேக்ஸ் அட்கின்சன் 1984இல் வெளியிட்ட ஒரு நூலில் அரசியல்வாதிகளின் பேச்சையும் கரவொலியையும் வினாடிக் கணக்கில் அளந்தார். இரண்டு எதிரெதிர் விஷயங்களை அருகருகே வைத்துச் சொன்னாலோ, ஒன்று இரண்டு மூன்று என்று அடுக்கி நிறுத்தினாலோ, எங்கே தட்டவேண்டும் என்பது கூட்டத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்றார். இரண்டாண்டு கழித்து ஜான் ஹெரிட்டேஜ், டேவிட் கிரேட்பாட்ச் இருவரும் 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கட்சி மாநாடுகளில் நிகழ்ந்த 476 பேச்சுகளை எடுத்துச் சோதித்தார்கள். கிடைத்த கைதட்டலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இப்படிப்பட்ட ஏழே ஏழு சொல்லமைப்புகளுக்கு அடுத்து வந்தது. அதாவது கருத்துக்கு எவ்வளவு தட்டினார்களோ, வாக்கியம் கட்டப்பட்ட விதத்துக்கும் அவ்வளவு தட்டினார்கள்.

தமிழ் மேடையை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. அண்ணா காலத்திலிருந்தே அடுக்குமொழியும் முரண்தொடையும் மேடையின் உயிர். மதுரையில் தங்கி இந்த மேடைத் தமிழை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட், திராவிட இயக்கத்தின் செந்தமிழ்ப் பேச்சு கேட்பவரை ஒரு மக்களினமாகத் தம்மை உணரவைத்த கலை என்று கண்டார். ஈழப் பேச்சு அந்தக் கலைக்கு வாகாக அமைந்தது. ‘அங்கே’ என்று தொடங்கினால் ‘இங்கே’ என்று முடிக்கலாம். அங்கே பதுங்கு குழி, இங்கே பட்டாசு. அங்கே பிணம், இங்கே பதவி. அந்த இரண்டாம் பாதி வந்து விழும் இடத்தில் கை தானாகச் சேரும். ஈழத்தைப் பற்றி நடந்த ஆயிரக்கணக்கான தெருமுனைக் கூட்டங்களின் எலும்புக்கூடு இதுதான்.

ஸ்டீவன் கிளேமன் 1993இல் எதிர்ப்புக் கூச்சலைப் பற்றி எழுதினார். கைதட்டல் உடனே எழுகிறது, ஒவ்வொருவரும் தானாக முடிவெடுத்துத் தட்டுகிறார். எதிர்ப்போ சற்றுத் தாமதித்து, அக்கம்பக்கத்தைப் பார்த்து, மற்றவரும் முணுமுணுக்கிறார்களா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கிளம்புகிறது என்பது அவர் கண்டது. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். தமிழ்ப் பொதுக்கூட்டத்தில் பேச்சாளரை முகத்துக்கு நேரே கூச்சலிட்டு அடக்குவது அபூர்வம். இங்கே எதிர்ப்புக்கு வேறு வடிவங்கள். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்குவான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் எழுவார்கள். முன்வரிசையில் இருப்பவர் தலையைக் குனிந்து மண்ணைக் கீறுவார். இவை எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. பத்திரிகையில் ‘பலத்த கரவொலிக்கிடையே’ என்று மட்டும்தான் வரும்.

வந்த சுவடுகளை வரிசையாகப் பார்ப்போம்.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்தின் செய்தி வந்தபோது தமிழ்நாட்டில் மேடைக்கும் தரைக்கும் இடைவெளியே இல்லை. கடையடைப்பும் ஊர்வலமும் கட்சி சொல்லித்தான் நடக்கவேண்டும் என்ற நிலை இல்லை. அந்த ஆகஸ்டில் மு. கருணாநிதியும் க. அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டு விலகினார்கள். பேச்சோடு ஒரு இழப்பும் சேர்ந்திருந்ததால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. 1986 மே மாதம் மதுரையில் ஈழ ஆதரவாளர் அமைப்பான டெசோவின் மாநாடு கூடியபோது வாஜ்பாயும் என்.டி. ராமராவும் மேடையில் இருந்தார்கள். வட இந்தியத் தலைவர் ஒருவர் ஈழத்தைப் பற்றிப் பேசி மதுரை கேட்டது என்பதே அந்தக் காலத்தின் மனநிலையைச் சொல்லும்.

1987இல் ஒரே ஒப்பந்தம் ஒரே வாரத்தில் மூன்று கூட்டங்களைச் சந்தித்தது. ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் இலங்கைக் கடற்படை வீரன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவ் காந்தியைத் தாக்கினான். அது சிங்களத் தரப்பின் கோபம் வெளிப்பட்ட விதம். ஆகஸ்ட் 2 அன்று சென்னை மெரீனாவில் எம்.ஜி.ஆரும் ராஜீவும் ஒரே மேடையில் ஏறி ஒப்பந்தத்தைக் கொண்டாடினார்கள். கடற்கரை கொள்ளாத கூட்டம். ஆகஸ்ட் 4 அன்று யாழ்ப்பாணம் சுதுமலை அம்மன் கோயில் வெளியில் பிரபாகரன் எழுதிவைத்த உரையைப் படித்தார். இந்தியாவை எதிர்த்து நிற்க விரும்பவில்லை, ஆனால் இந்த ஒப்பந்தம் தீர்வு தரும் என்று நம்பவில்லை என்பது அதன் சாரம். கொழும்பு, சென்னை, சுதுமலை மூன்றிலும் சென்னைதான் மகிழ்ச்சியாக இருந்தது. அக்டோபர் 10 ஆனபோது இந்திய அமைதிப்படையும் புலிகளும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் கணக்கில் வராத யாழ்ப்பாணத்து மக்களும் மாண்ட பிறகு 1990 மார்ச்சில் படை திரும்பியது. அப்போது முதல்வராக இருந்த கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் புறக்கணிப்பைப் பாராட்டியவர்களும் உண்டு, மன்னிக்காதவர்களும் உண்டு.

1991 மே 21க்குப் பிறகு எல்லாம் மாறிற்று. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அடுத்த மாதம் நடந்த தேர்தலில் தி.மு.க. 234இல் இரண்டு இடங்களில் வென்றது. பத்தாண்டுக்கு ஈழம் பற்றிய மேடை ஏறத்தாழ மூடிக்கிடந்தது. மக்கள் வெறுத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். பயந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் இருந்தன. ஆனால் ஈழ அகதி முகாம்களுக்குப் பழைய துணியும் அரிசியும் போவது நிற்கவில்லை. பேச்சு நின்றதால் உணர்வும் நின்றது என்று கொள்வதற்கில்லை.

இந்த இடத்தில் காயல்பட்டினத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஈழ மேடை அதைச் சொன்னதே இல்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மீது அந்தப் பழி விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 70 ஆயிரம் பேரைப் புலிகள் வீடு வாசலை விட்டு வெளியேற்றினார்கள். அவர்களும் தமிழ் பேசியவர்கள். இலங்கையில் உறவும் கடையும் வைத்திருந்த ஊர் இதை அறியாமல் இருக்க வழியில்லை. ‘தமிழினம்’ என்ற சொல் மேடையிலிருந்து வந்து விழுந்தபோது, அதற்குள் தான் இருக்கிறோமா என்று ஒரு காயல்பட்டினத்துக்காரர் ஒரு நொடி யோசித்திருந்தால் அது நியாயமான யோசனை. அவர் கை தட்டாததை ஈழத்தின் மீதான வெறுப்பு என்று எண்ணியவர் பேச்சுக் கேட்கத் தெரியாதவர். பேச்சில் விடுபட்டதற்கு அவர் தந்த பதில் அது.

கேட்பவரின் எதிர்வினையை அரசு எப்படிப் புரிந்துகொண்டது என்பது தனிக்கதை. இந்த மாவட்டத்துக்கு அது பழகிய கதையும்கூட. 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகளைப் போலீசார் குறிப்பெடுத்து வழக்குக் கட்டினார்கள். மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். பேச்சு ஒரு தீக்குச்சி, கூட்டம் வைக்கோல்போர் என்பது அன்றைய அரசின் கோட்பாடு. திருமங்கலம் வழக்கிலும் அதே கோட்பாடுதான். 2003 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பொடா சட்டத்தைச் செல்லும் என்று ஏற்றாலும், பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு அந்தச் சட்டத்தில் குற்றமாகாது என்று விளக்கியது. 2002 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் பொடா நிறைவேறியபோது ம.தி.மு.க. அதை ஆதரித்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். கேட்டவர்கள் வைத்திருந்தார்கள்.

இனி 2008.

அக்டோபர் 14 அன்று முதல்வர் கருணாநிதி கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒரு தீர்மானம் போட்டது. இரண்டு வாரத்துக்குள் போர்நிறுத்தத்துக்கு மத்திய அரசு வழிசெய்யாவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள். இந்தப் போரின் கடைசிக் கட்டத்தில் தமிழ்நாட்டு மேடையிலிருந்து வந்த மிக வலுவான வாக்கியம் அதுதான். மன்மோகன் சிங் அரசு தி.மு.க. எம்.பி.க்களின் ஆதரவில் நின்ற நேரம் அது. நாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. 24ஆம் தேதி கொட்டும் மழையில் சென்னையில் மனிதச் சங்கிலி. நனைந்துகொண்டு நின்ற அந்த மனிதர்களின் உணர்வைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. 19ஆம் தேதி ராமேஸ்வரத்தில் திரைத்துறையினர் கூடிப் பேசினார்கள். சீமானும் அமீரும் அடுத்த வாரமே கைதானார்கள். வைகோவும் கைதானார்.

26ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து முதல்வரைச் சந்தித்தார். 800 டன் நிவாரணப் பொருள் அனுப்புவது என்று முடிவாயிற்று. பதவி விலகல் நின்றுபோனது. தி.மு.க. எம்.பி.க்கள் எழுதிய விலகல் கடிதங்கள் மக்களவைத் தலைவருக்குப் போகவில்லை. கட்சித் தலைவரின் கையில் இருந்தன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள யாரும் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சீட்டு நிறுவனத்தில் பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் தெரியும், ரசீது யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று. என் பார்வையில், ஈழப் பேச்சைத் தமிழ்நாட்டுக் கூட்டம் நம்புவதை நிறுத்திய நாள் இந்த அக்டோபர் 26. அதற்குப் பிறகும் கை தட்டினார்கள். ஆனால் 1983இல் தட்டியதுபோல் தட்டவில்லை.

2009 ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் முன்பு முத்துக்குமார் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 26 வயது. இதே தூத்துக்குடி மாவட்டத்தின் கொழுவைநல்லூர்க்காரர். அவர் விட்டுச்சென்ற நீண்ட அறிக்கையைச் சாவுச் செய்தியாக மட்டும் படிப்பது தவறு. ஆண்டுக்கணக்காக மேடைப் பேச்சைக் கூர்ந்து கேட்ட ஒரு கேட்பவரின் கணக்குத் தீர்ப்பு அது. இரண்டு பெரிய கட்சிகளையும் அது விடவில்லை; மாணவர்களைப் பார்த்துத்தான் பேசியது. கொளத்தூரில் அவருடைய உடல் வைக்கப்பட்டிருந்தபோது அஞ்சலி செலுத்த வந்த ஆளுங்கட்சியினரைக் கூட்டம் உள்ளே விடவில்லை. கிளேமன் சொன்ன தாமதமான எதிர்ப்பு அங்கே வந்துசேர்ந்தது என்று நினைக்கிறேன்: மூன்று மாதம் முணுமுணுத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பிறகு கிளம்பிய எதிர்ப்பு. அரசு ஜனவரி கடைசியில் கல்லூரிகளையும் விடுதிகளையும் மூடியது. பேச்சாளர்களைவிடக் கேட்பவர்களைக் கண்டு அரசு அஞ்சியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒன்றை மனம் நொந்து சொல்கிறேன். அடுத்த வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் அதே வழியில் போனார்கள். மேடைகள் அவர்களை வீரவணக்கத்துக்குரிய வரிசையாக அடுக்கின. அந்த வரிகளுக்குக் கை தட்டல் விழுந்தது. ஒரு இளைஞனின் சாவைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய ஒவ்வொரு பேச்சாளரும் அடுத்த சாவுக்கு ஓரளவு பொறுப்பு. முத்துக்குமாரின் அறிக்கையை வாதத்துக்கு வாதம் எடுத்துப் பதில் சொல்லியிருந்தால் அதுவே அவருக்குச் செய்திருக்கக்கூடிய மரியாதை. அதை எந்தக் கட்சியும் செய்யவில்லை.

ஏப்ரல் 27 காலையில் கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்தமாட்டோம் என்று இலங்கை அறிவித்ததை ஏற்று நண்பகலில் முடித்துக்கொண்டார். குண்டுவீச்சு தொடர்கிறதே என்று கேட்டபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்ற பழமொழியைச் சொன்னார். தமிழ் மேடை கண்ட பெரிய சொல்வித்தகர் அவர். அறுபது ஆண்டு எந்தச் சொல்லை எங்கே வைக்கவேண்டும் என்று அறிந்திருந்தவர். அந்த ஒரு பழமொழி அவரை விட்டு இன்றும் நீங்கவில்லை. மழையில் சங்கிலி பிடித்து நின்றவர்கள் காதில், முள்ளிவாய்க்காலில் விழுந்துகொண்டிருந்த குண்டைத் தூவானம் என்று கேட்பது தாங்கமுடியாததாக இருந்தது.

ஜெயலலிதாவின் பேச்சு எதிர்த்திசையில் பயணித்தது. ஜனவரியில், போர் என்றால் பொதுமக்கள் சாவது தவிர்க்கமுடியாதது என்ற பொருளில் பேசினார். மார்ச் 9 அன்று ஈழத் தமிழருக்காக உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் கடைசியில் மக்களவைத் தேர்தல் மேடைகளில் தனி ஈழமே தீர்வு என்றார். தான் சொல்லும் அரசு மத்தியில் அமைந்தால் இந்திய ராணுவத்தை அனுப்பி அதை அமைப்பேன் என்றார். அந்தத் தேர்தலில் ஈழம் குறித்துக் கேட்டவர்களை உலுக்கிய பேச்சு அது ஒன்றுதான். எதிரணித் தொண்டர்கள்கூட நின்று கேட்டார்கள். ஆனால் ஜனவரிப் பேச்சையும் கேட்டவர்கள்தானே அவர்கள்?

மே 13 அன்று வாக்குப்பதிவு. 16ஆம் தேதி முடிவு. தி.மு.க. அணி 27, அ.தி.மு.க. அணி 12. தொகுதி மறுவரையறையில் புதிதாகப் பிறந்த தூத்துக்குடித் தொகுதி, முத்துக்குமார் பிறந்த மாவட்டம், தி.மு.க.வின் எஸ்.ஆர். ஜெயதுரையை அனுப்பியது. விருதுநகரில் வைகோ தோற்றார். ‘ஈழம் ஒரு தேர்தல் பிரச்சினையே இல்லை’ என்று டெல்லிப் பத்திரிகைகள் எழுதி முடித்துவிட்டன.

பொறுமையாகப் பார்த்தால் படம் வேறு. ஈரோட்டில் ஈ.வி.கே.எஸ். இளங்கோவன், சேலத்தில் தங்கபாலு, மயிலாடுதுறையில் மணிசங்கர் அய்யர் என்று காங்கிரஸின் பெரிய பெயர்கள் விழுந்தன. சிவகங்கையில் ப. சிதம்பரம் 3,354 வாக்கில் தப்பித்தார். ஆனால் இதைவிட முக்கியமானது, எந்தச் சின்னத்தில் குத்தினால் எந்தப் பதில் போய்ச்சேரும் என்பதே அந்தத் தேர்தலில் தெளிவாக இல்லை. ஜனவரியில் ஈழத்துக்காக உண்ணாவிரதம் இருந்த திருமாவளவன் காங்கிரஸ் இருந்த அணியில் நின்று சிதம்பரத்தில் வென்றார். மார்ச் வரை மத்திய அமைச்சரவையில் இருந்த பா.ம.க. எதிரணியில் நின்று எல்லா இடத்திலும் தோற்றது. தனி ஈழம் என்று முழங்கிய ஜெயலலிதாவின் அணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சி தனி ஈழத்தை ஏற்காத கட்சி. போரை நிறுத்து என்று சொல்ல ஒரு வாக்காளர் விரும்பியிருந்தால் எந்தப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்? எனக்கு விடை தெரியவில்லை. கூட்டத்திடம் கேட்கப்படாத கேள்விக்குக் கூட்டம் பதில் சொல்லவில்லை என்று பழிக்கிறோம்.

இது தமிழனின் தனிக்குறையும் இல்லை. 2003 மார்ச் 17 அன்று இராக் போரை எதிர்த்து அமைச்சர் பதவியிலிருந்து விலகிய ராபின் குக் பிரிட்டிஷ் மக்களவையில் பேசி முடித்தபோது உறுப்பினர்கள் கைதட்டினார்கள். அந்த அவையில் கைதட்டும் வழக்கமே கிடையாது. மறுநாள் அதே அவை 412க்கு 149 என்று போருக்கு ஒப்புதல் அளித்தது. அங்கே கை தட்டியவர்களும் வாக்களித்தவர்களும் படித்த, பதவியில் இருந்த, முடிவெடுக்கும் அதிகாரம் படைத்த மனிதர்கள். திருமங்கலத்துக் கூலித் தொழிலாளிக்கு அந்த அதிகாரமும் இல்லை. அவனை மட்டும் எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்?

மே 19 அன்று இலங்கை நாடாளுமன்றத்தில் மகிந்த ராஜபக்ச தன் வெற்றி உரையைத் தமிழில் தொடங்கினார். கொழும்புத் தெருக்களில் வெடி வெடித்தது. அந்தத் தமிழ் இந்தக் கரைக்கும் கேட்டது. இத்தனை ஆண்டில் ஈழப் போர் பற்றி அரசியல்வாதிகள் தமிழில் பேசிய எந்தப் பேச்சும் இந்த அளவு கசப்பை விதைத்ததில்லை. சொல்லில் குறையில்லை, சொன்னவர் யார், எந்த நாளில் என்பதுதான் கேட்டவர்களுக்குப் பேச்சாக இருந்தது. கடைசி மாதங்களில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. தலைமைச் செயலாளரின் நிபுணர் குழு சொல்ல 2011 ஆகிவிட்டது.

2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் தொடங்கி, அது மாநிலம் முழுவதும் கல்லூரி கல்லூரியாகப் பரவியது. அரசியல் கட்சிகளைத் தங்கள் மேடைக்கு மாணவர்கள் அண்டவிடவில்லை. நான்காண்டுக்கு முன் பள்ளி மாணவர்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். கேட்டது போதும் என்று தாங்களே ஒலிவாங்கியைப் பிடித்தார்கள். பத்து நாளில் தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது. 27ஆம் தேதி ஈழத்தில் பொதுவாக்கெடுப்பு கேட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1983க்குப் பிறகு கீழே இருந்தவர்கள் மேடையை நகர்த்திய ஒரே சந்தர்ப்பம் அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க.வும் காங்கிரஸும் தமிழ்நாட்டில் ஒரு இடம்கூட வாங்கவில்லை. இதற்கு ஈழம் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. தூத்துக்குடியிலேயே 2019இல் கனிமொழி மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார், 2008இல் விலகல் கடிதம் எழுதியவர்களில் அவரும் ஒருவர். வாக்காளர்கள் அன்றைக்குத் தங்கள் முன் இருந்த கேள்விக்குப் பதில் சொன்னார்கள்.

போர் முடிந்து இரண்டாண்டில், 2011 ஜூனில், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதத்தில் அது நின்றுபோனது. இந்த மாவட்டத்தில் எட்டயபுரம் அருகே தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு இத்தகைய முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. போரைத் தப்பி வந்தவர்களும் இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் அதில் வாழ்கிறார்கள். ஈழம் பற்றிய பேச்சுகளை வேறு யாரைவிடவும் கவனமாகக் கேட்கவேண்டிய தேவை அவர்களுக்குத்தான் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தியக் குடியுரிமையோ வாக்குரிமையோ இன்றுவரை இல்லை.